நடந்து கடக்க வேண்டிய பாலம்

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மாசி மாதம், மதியம் மூன்று மணி. பாலத்தின் நடைபாதை கொதித்தது. திரும்பிப் போய் எடுத்து வரலாம். ஆனால் வெளியே போகச் சொன்ன வீட்டுக்குத் திரும்பிப் போகிற அளவுக்கு அது ஒன்றும் உயர்ந்த செருப்பு இல்லை. கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு சவரக்கத்தி. ஸ்ரீரங்கத்தில் ஒன்றரை வருடம் இருந்து சேர்த்தது அவ்வளவுதான்.

ஒன்றாம் நம்பர் பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரியின் முகம். என்னைப் பார்த்தது. கை அசைக்கவில்லை.

அந்தப் பாலத்தை நடந்து கடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. கட்டாயமெல்லாம் அந்த வெள்ளைக்காரிக்கும் அவள் புருஷனுக்கும்தான். அதை உண்டாக்கியவன் நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அவர்கள் இங்கிலாந்திலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சார் திருச்சியில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். மேடம், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில். காலேஜுக்குள்ளேயே மாமரத்து நிழலில் அவர்களுக்கு ஒரு நல்ல பங்களா ஒதுக்கியிருந்தார்கள். அது வேண்டாம், ஜனங்களோடு ஜனங்களாக இருக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். ஜனங்களோடு ஜனங்களாக இருப்பதற்கு ஒரு சமையல்காரன் வேண்டியிருந்தது. அப்படித்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் மணப்பாறையிலிருந்து ஏழாம் வகுப்போடு ஓடியவன். நாக்பூரில் லாரி கழுவினேன், பம்பாயில் டீ கிளாஸ் கழுவினேன், குன்னூரில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரிக்கு ஆறு மாதம் சமைத்தேன். அவள் செத்த பிறகு ரயிலேறித் திருச்சியில் இறங்கினேன். கொஞ்சம் இங்கிலீஷ் வரும். இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ரயில் ஜன்னலில் தெரிந்த அளவுதான். ஆனால் என் தோல் கறுப்பாக இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஐயங்கார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டாப்பா, முட்டை கிட்டை மாடிப்படி ஏறப்படாது. அவா வெளியில என்ன பண்ணினாலும் நேக்குத் தெரிய வேண்டாம். ஆத்துக்குள்ள கூடாது."

"சரிங்க சாமி."

"நீ என்ன சாப்பிடுவேன்னு நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன். கேட்டா நீ சொல்லிடுவே."

மேடம் லண்டனில் ஏதோ புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார். "தாங்கள் உணவு அருந்தினீர்களா?" என்பார். தெருவில் கொய்யாப்பழம் விற்கிறவள் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னங்க இது, நாடகத்துல ராணி வந்து வெலை கேக்குற மாதிரியில்ல இருக்கு!" சாருக்குத் தமிழில் இரண்டே வார்த்தை. போதும், பரவாயில்லை. ரசம் ஊற்றும்போது இலைமேல் கையை விரித்து "போதும்" என்பார். நான் கையில் ஊற்றிவிட்டால் "பரவாயில்லை" என்பார்.

முதல் வாரம் என்னையும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் சொன்னார்கள். நான் உட்கார்ந்தால் ரசத்தை யார் கொண்டுவருவது? சாரே எழுந்து போய்க் கொண்டுவந்தார். பாதி வழியில் பாத்திரத்தைப் போட்டார். அதைத் துடைத்தவன் நான். அதோடு அந்தச் சமத்துவம் முடிந்தது.

காலையில் தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும், கடிகாரம் பார்த்து. பிறகு பால் இல்லாத டீ. மேடம் புடவை கட்டிக்கொண்டு கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். பின்னால் சார், குடையோடு. சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு நடந்ததைப் பேசிக்கொள்வார்கள். நான் சமையலறையில் இருந்து கேட்பேன். சிவப்பு மையில் திருத்தினால் மாணவிகளின் மனம் புண்படும் என்று மேடம் பென்சிலால் திருத்தினார். அந்தப் பெண்கள் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமை சிஸ்டரிடம் புகார் செய்தார்கள்: "சிஸ்டர், மேடம் எங்க நோட்டைத் திருத்தவே மாட்டேங்கிறாங்க." சார் காலேஜில் பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னார். பெஞ்சுகள் தரையோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தன. அதனால் பையன்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். பாதிப் பேர் மரத்தடியிலிருந்து அப்படியே மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார்கள். மிகவும் சுதந்திரமான வகுப்பு என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார்.

நாலு மணி டீக்கு மேடம் ஒரு நீல அட்டை நோட்டோடு உட்காருவார். அவர்களுக்குப் பிறகு வரப்போகிற தம்பதிக்கு வழிகாட்டியாக இந்த ஊர்ப் பழக்கவழக்கங்களை எல்லாம் எழுதிவைக்கிறாராம். கேள்வி கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும்.

"பால்காரர் கறப்பதற்கு முன்னால் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறாரே, அது என்ன சடங்கு?"

"சடங்கெல்லாம் இல்ல மேடம். உள்ள தண்ணி இல்லன்னு காட்டுறான்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. உண்மையைச் சொன்னால் ஒரு வரி எழுதுவார். கதை கட்டிச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவார், என்னைப் பெரிய பண்டிதனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். என்னை அதற்கு முன்னால் அப்படி யாரும் பார்த்ததில்லை. நான் கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை மண்ணெண்ணெய் வாங்கக் கூடாது என்றேன்; அன்றைக்குத்தான் வரிசை நீளம். விருந்தாளி முன்னால் வீட்டு ஆண்பிள்ளை தும்மினால் வெற்றிலை வைக்க வேண்டும் என்றேன். சாருக்குத் தும்மல் வந்தபோதெல்லாம் வெற்றிலை வாங்கிவந்து நான் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் அவர்கள் திருச்சிக்குப் போய் ஒரு மிலிட்டரி ஹோட்டலில் ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். ஒருநாள் மேடம் கேட்டார், கறி சாப்பிட்டுவிட்டு இந்தப் புனிதமான தீவுக்குள் நுழைகிறோமே, அதற்கு ஏதாவது விதி உண்டா என்று.

"உண்டு மேடம். பஸ்ஸுல வரக்கூடாது. பாலத்தை நடந்து கடக்கணும். ஆத்துக் காத்து பட்டாத்தான் சரியாகும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து இரண்டு பேரும் உச்சி வெயிலில் பாலத்தை நடந்து கடந்தார்கள். மாதக்கணக்கில். சாருக்குக் குதிகாலில் கொப்புளம். நான் அதே ஹோட்டலில் அதே கறியைத் தின்றுவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர்களைத் தாண்டிப் போவேன். அவர்கள் கை அசைப்பார்கள். இந்த ஜில்லாவில் பிறந்தவனுக்கு விலக்கு உண்டு என்று அதற்கும் ஒரு விதி சொல்லிவைத்திருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று அவர்கள் வேர்த்து விறுவிறுத்து வருவதைப் பார்த்துக் கண் கலங்குவார்.

"பாத்தியோடா, கோயிலுக்குள்ள விட மாட்டேங்கறா. ஆனாலும் நடந்தே வரா பார். இந்த பக்தி நம்மாத்துப் பிள்ளைகளுக்கு உண்டோ?"

எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

இந்தப் பொய்களைக் கண்டுபிடித்தவள் ஒரே ஒருத்தி. மேடத்திடம் படித்த உறையூர்ப் பெண். அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மாடிக்கு வந்து மேடத்துக்கு மனிதர்கள் பேசுகிற தமிழைச் சொல்லிக்கொடுப்பாள், மேடத்திடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்வாள். ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"ஏண்ணே, பாலத்தை நடந்து கடக்கணும்னு எந்த ஊருல இருக்கு?"

"உனக்கென்ன தெரியும், போ."

"பாவம்ணே அவங்க. நம்பிட்டாங்கண்ணே." சிரித்தாள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

மேடமும் சாரும் அவள் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார்கள். அவளுடைய அம்மா பக்கத்து வீட்டில் ஸ்பூன் இரவல் வாங்கி வைத்தாளாம். தன் மகளின் வெள்ளைக்கார டீச்சர் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த எடைக்காரர் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மனிதர்தான் மாசி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் விடியற்காலை, தராசுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். பயிற்சிப் பள்ளியில் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி வந்து சொல்லிவிட்டு ஓடினாள். மேடம் உடனே ஷூவை மாட்டிக்கொண்டார். சார் குடையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "இப்போது நாங்கள் போகலாமா? முறை என்ன?"

எனக்குத் தெரியாது. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டவன். பெரியவனான பிறகு நம் ஜனங்களின் சாவு வீடு ஒன்றின் வாசலை மிதித்ததில்லை. என் அப்பா செத்த செய்தி எனக்கு நாக்பூரில் ஒரு போஸ்ட் கார்டில் மூன்று வாரம் கழித்து வந்தது. வா என்று அதில் எழுதியிருக்கவில்லை. கூப்பிடவில்லையே என்று நானும் போகவில்லை. அன்றைக்கும் லாரி கழுவினேன். இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சாக்கு அது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சாக்கையே எடுத்து இதுதான் முறை என்று நீட்டிவிட்டேன்.

"கூப்பிடாம போகக்கூடாது மேடம். சொல்லி அனுப்புவாங்க. அப்புறம்தான்."

"அழைப்பிதழ் வருமா?"

"வரும்."

மேடம் ஷூவைக் கழற்றினார். நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறுதல் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அதையும் அழைப்பு வருவதற்கு முன்னால் அனுப்பக் கூடாதோ என்று பயந்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு மாடிப்படியில் வந்து நிற்பார். கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களிடம் நம் ஆட்கள் எதையும் நேருக்கு நேர் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வண்டி வண்டியாகச் சொல்வார்கள்.

பத்தாம் நாள், சனிக்கிழமை. செய்தி கொண்டுவந்த அதே பெண் மறுபடி வந்தாள், கையில் நாலைந்து புத்தகங்களோடு. அந்த உறையூர்ப் பெண் மேடத்திடம் வாங்கிப்போன புத்தகங்கள். கீழே வாசலில் வீட்டுக்கார மாமி அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தாள். மேடமும் சாரும் இறங்கி வந்தார்கள். நான் படியில் நின்றேன்.

"அவ இனிமே வர மாட்டா மேடம். இத உங்ககிட்ட குடுத்துடச் சொன்னா. அவங்க மாமா அவள ஜவுளிக்கடையில சேத்துவிடப் போறாரு."

"தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தானே இருக்கிறது?"

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா மாமா கேப்பாருன்னு அவங்க அம்மா பத்து நாளா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்கதான் வரவே இல்லையே, மேடம்."

"எங்களுக்கு அழைப்பு வரவில்லை," என்றார் மேடம். "இன்னமும் காத்திருக்கிறோம்."

மாமி அப்பளத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அழைப்பா? துக்கம் கேக்கறதுக்கு யாராவது பத்திரிகை அனுப்புவாளோ? காதுல விழுந்த க்ஷணமே ஓட வேண்டாமோ? யார்டிம்மா நோக்கு இப்படிச் சொன்னா?"

மேடம் மேலே ஏறி வந்து நீல நோட்டை என் முன்னால் திறந்தார்.

"இது?"

"பொய் மேடம்."

"இது?"

"பொய்."

"பால்காரர்?"

"அது நெசம்."

சார் இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார், "பாலமுமா?"

"ஆமா சார்."

அவர் தன் காலைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். இலைமேல் விரிப்பதுபோலவே கையை விரித்தார். "போதும்," என்றார்.

அவர் சொன்ன தமிழிலேயே சரியான இடத்தில் விழுந்த தமிழ் அது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நான் பாலத்தில் ஏறிவிட்டேன். என்னைத் தாண்டிய பஸ்ஸில் இருந்தது அவர்கள்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் நின்றேன். ஜங்ஷனுக்குப் போயிருந்தால் ஏதோ ஒரு ரயில் கிடைத்திருக்கும். அதுவரைக்கும் எல்லா வேலையையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். அன்று உறையூர்ப் பக்கம் திரும்பி நடந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அவள் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு முனையில் சார், மறுமுனையில் ஒரு தடித்த மனிதர். அவர்தான் அந்தப் பெண்ணின் மாமா, அம்மாவின் தம்பி. அதே மண்டியில் மேஸ்திரி. சாருக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையும் அங்கே உதவாதவை. சும்மா உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக உள்ளே தெரிந்தது. பெண்கள் வட்டமாக ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் மேடமும் இருந்தார், தலை குனிந்து, அவர்களைப் போலவே. அதை எந்த நோட்டிலும் அவர் எழுதிவைத்திருக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"நீ யாருய்யா?" என்றார் மாமா.

"அவங்க சமையக்காரனுங்க. அவங்க வராததுக்கு நாந்தான் காரணம். கூப்பிடாம போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனாவது படிச்சிருக்க?"

"ஏழுங்க."

"அவங்க?"

"நெறைய படிச்சிருப்பாங்க."

"நெறைய படிச்சவங்க ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவாங்க. அவங்களுக்கு நீ நடத்துவ. வெளங்கிரும்யா நாடு." வெற்றிலையைத் துப்பினார். "எங்க மச்சான் இந்த வெள்ளைக்காரியைப் பத்திப் பேசாத நாளில்ல. கடைசியில வந்து மொகத்தைப் பாக்கக்கூட வரல. எனக்கு எப்படி இருக்கும்? இவ்வளவுதான் உங்க படிப்போட மரியாதைன்னுதான் அந்தப் புள்ளைய நிறுத்தினேன்."

அப்போது மேடம் வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. ஷூவை மாட்டிக்கொண்டார். வாசலில் திரும்பி நின்று, கையைக் கூப்பி, தெளிவாகச் சொன்னார்:

"போயிட்டு வரேன்."

உள்ளே அழுகை நின்றது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது. வருகிறேன் என்று சொல்லவே கூடாது. இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அது எனக்கே தெரியும். போகிறேன் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள், எந்த வீட்டிலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான் சொல்லிக்கொடுத்ததில் உண்மையான இரண்டு மூன்றில் ஒன்று.

மாமா பெஞ்சிலிருந்து எழுந்தார். "என்னம்மா பேசுறீங்க? இன்னொண்ணு விழணுமா இந்த வீட்டுல?"

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"விடு தம்பி. பத்து நாளா வந்தவங்கல்லாம் சொல்லாமத்தான் போறாங்க. ஒருத்தராவது வரேன்னு சொன்னாங்களே." மேடத்தின் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா. நாளைக்கும் வாங்க. பரீட்சை முடியுற வரைக்கும் வாங்க. வந்து இவள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"வருவேன்," என்றார் மேடம். "நாளையும் வருவேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பியால் அக்காவை அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "பரீட்சை வரைக்கும்தான். அதுக்கப்புறம் நான் சொல்றதுதான்."

அந்தப் பெண் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். "அண்ணே, இதுவும் நீங்க சொல்லிக்குடுத்ததா?"

"ஆமா. இது நெசந்தான்."

அவள் சிரிக்கவில்லை. மேடம் என் வெறுங்காலைப் பார்த்தார். சாரோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். திரும்ப வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். அந்த வெட்கம் எனக்குக் கிடையாது. நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். மாமா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏய், எங்க போற?"

"தெரியலைங்க."

"எடை போடத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இதையாவது ஒழுங்காச் சொன்னியே. மச்சான் எடத்துக்கு ஒரு லோடுமேனை ஏத்தியாச்சு. அவன் எடம் காலியாக் கெடக்கு. காலையில மண்டிக்கு வா."

மறுநாள் காலை காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மாமா ஒரு பழைய சாக்கை மடித்து என் தலையில் போட்டார்.

"யாராச்சும் இது எந்த ஊரு வெங்காயம்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"ம். தூக்கு."

தூக்கினேன்.